ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சவுண்ட் கார்டு: முதல் தடவை செய்யுறவங்களுக்கு

எங்க சித்தப்பா வில்லுப்பாட்டு பாடுவாவ. கோயில் கொடைக்கு முன்னால தக்கலை பக்கத்துல எங்க வீட்டு திண்ணையிலதான் ஒத்திகை நடக்கும், அத நல்லா ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஒத்த மைக் வச்சா குடத்து சத்தம் எழும்பி பாட்ட முழுங்கிருது. குரலுக்கு ஒரு மைக், குடத்துக்கு ஒரு மைக்னு தனித்தனியா எடுத்தாதான் பொறவு ஒண்ண ஏத்தி ஒண்ண எறக்க முடியும், ஆனா வீட்டு கம்ப்யூட்டர்ல மைக் ஓட்டை ஒண்ணுதான இருக்கு. அப்பதான் ரெண்டாவதா ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, அதாவது மைக் சத்தத்த கம்ப்யூட்டருக்கு உள்ள எடுத்து ஹெட்போனுக்கு வெளிய விடுற சின்ன கருவி, வாங்கி குத்துனேன். அத விண்டோஸ் 11ல எப்படி செய்யணும்னு சொல்லுதேன், பைய பைய படிச்சு செய்யுங்க மக்களே.

முதல்ல உங்ககிட்ட ஏற்கெனவே எத்தன இருக்குன்னு பாத்துக்கிடுங்க. மதர்போர்டுலயே ஒரு சவுண்ட் சிப் இருக்கும், நெறைய கம்ப்யூட்டர்ல ரியல்டெக்னு பேர் காட்டும். எச்டிஎம்ஐ கேபிள்ல மானிட்டரோ டிவியோ மாட்டியிருந்தா அதுவும் சத்தம் போற ஒரு வழியா லிஸ்ட்ல வந்து நிக்கும், ஸ்பீக்கர் திடீர்னு ஊமையாயிருச்சுன்னா பல நேரம் காரணம் இதுதான், சத்தம் மானிட்டருக்கு போயிருக்கும்.

இப்ப யூஎஸ்பி கார்ட மாட்டுங்க. சின்ன கார்டுக்கு பெரும்பாலும் டிரைவர் ஒண்ணும் வேண்டாம், மாட்டுன உடனே விண்டோஸ் கண்டுபிடிச்சுரும். ஒண்ணு கவனிங்க: கார்டுல மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருந்துச்சுன்னா, போனுக்கு உள்ள இயர்போன நேரா மைக் ஓட்டையில குத்துனா சரியா வராது. அந்த பின்னுல மூணு கோடு இருக்கும், அதுக்கு மைக்கையும் ஹெட்போனையும் பிரிச்சு குடுக்குற ஒரு சின்ன கேபிள் வேணும்.

அடுத்தது பேர் மாத்துறது. இத யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஒரே மாதிரி ரெண்டு யூஎஸ்பி கார்டு வாங்கி மாட்டுனீங்கன்னா ரெண்டும் ஒரே பேர்ல நிக்கும், ஒண்ணுக்கு முன்னால 2னு ஒரு நம்பர் மட்டும் இருக்கும், எது குடம் எது குரல்னு நடு ஒத்திகையில தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்லா. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் கடைசியில மோர் சவுண்ட் செட்டிங்ஸ அழுத்துங்க, பழைய மாதிரி ஒரு சின்ன விண்டோ வரும். ரெக்கார்டிங் டேப்ல மைக் மேல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், மேல இருக்குற பேர அழிச்சுட்டு 'குரல்'னு போடுங்க, இன்னொண்ணுக்கு 'குடம்'. ஒவ்வொரு கார்டா மாட்டி பேர் வச்சா கொழப்பம் வராது. பேர் வச்ச பொறவு எந்த யூஎஸ்பி போர்ட்ல மாட்டுனீங்களோ அதுலயே மாட்டுங்க, போர்ட் மாறுனா சில கார்ட விண்டோஸ் புதுசுன்னு நெனச்சு பழைய பேர காட்டும்.

அதே பிராப்பர்டீஸ்ல அட்வான்ஸ்ட் டேப் இருக்கு. ரெண்டு கார்டுலயும் 48000 ஹெர்ட்ஸ்னு ஒரே மாதிரி வச்சுருங்க, ஒரு செகண்டுக்கு எத்தன தடவ சத்தத்த அளக்கணும்குற கணக்கு அது. பிராப்பர்டீஸ மூடிட்டு, முந்தி வந்த அந்த சின்ன விண்டோவுல கம்யூனிகேஷன்ஸ் டேப்ல டூ நத்திங்கயும் போட்டுருங்க, இல்லேன்னா கால் வரும்போது மத்த சத்தத்த எல்லாம் 80 சதவீதம் கொறச்சுரும்.

ரெக்கார்டிங் வேண்டாம், பாட்டு ஸ்பீக்கர்லயும் பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் ஹெட்போன்லயும் கேட்டா போதும்னா வேல லேசுதான். சவுண்டுக்குள்ள வால்யூம் மிக்சர் போங்க, ஓடிக்கிட்டு இருக்குற ஒவ்வொரு ஆப்புக்கும் எந்த கார்டுன்னு தனித்தனியா குடுக்கலாம். ஆப் ஓடிக்கிட்டு இருந்தாதான் அந்த லிஸ்ட்ல வரும், அதனால முதல்ல ஆப்ப தொறந்து ஒரு சத்தம் குடுத்துட்டு பொறவு பாருங்க.

இனி ரெக்கார்டிங். ஆடாசிட்டினு சத்தத்த எடுத்து வெட்டி ஒட்டுற ஒரு சாப்ட்வேர் இருக்கு, அது ஒரு நேரத்துல ஒரு டிவைஸ்லருந்துதான் எடுக்கும். அதனால ஆடாசிட்டில ஆடியோ செட்டப்ப அழுத்தி 'குரல்' குடுத்தேன், விண்டோஸோட சவுண்ட் ரெக்கார்டர் ஆப்ல கீழ மைக் தேர்வுல 'குடம்' குடுத்தேன், ரெண்டையும் ஓட விட்டேன். கார்டு மாட்டுறதுக்கு முன்னாலயே ஆடாசிட்டிய தொறந்திருந்தா கார்டு காட்டாது, ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்னு ஒண்ணு இருக்கும், அத அழுத்துங்க. சவுண்ட் ரெக்கார்டர் செட்டிங்ஸ்ல பார்மட்ட வேவ்னு (WAV) மாத்திருங்க, அத ஆடாசிட்டி நேரா தொறக்கும்.

ரெண்டையும் ஒரு பட்டன்ல தொடங்க முடியாது, அதனால தொடக்கத்துல சித்தப்பாவ ரெண்டு மைக்குக்கும் நடுவுல வச்சு தாளத்த மூணு தடவ தட்ட சொன்னேன். ஆடாசிட்டில ரெண்டு பைலையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா போட்டா அந்த மூணு தட்டும் குத்து குத்தா தெரியும், ஒண்ண இழுத்து மத்ததுக்கு நேரா வச்சா போதும்.

வேல முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முதல்ல எல்லாம் அருமையா இருந்துச்சு, ஆனா போக போக குடம் பாட்டுக்கு பின்னால வழுக்கிக்கிட்டே போகுது, கடைசியில பாட்டு ஒரு எடத்துல, அடி ஒரு எடத்துல. கார்டு கெட்டுப்போகல. ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளயும் ஒரு சின்ன கிரிஸ்டல் இருக்கு, அதுதான் அந்த கார்டோட கடிகாரம். 48000னு ரெண்டுலயும் போட்டாலும் ஒண்ணு துளி வேகமா ஓடும், ஒண்ணு துளி மெதுவா ஓடும். 10 லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னு வச்சுக்கிடுங்க, 5 நிமிச பாட்டுல அது வெறும் 15 மில்லிசெகண்ட், காதுக்கு தெரியாது. 1 மணி நேரத்துல 180 மில்லிசெகண்ட் ஆயிரும், வில்லுப்பாட்டு மணிக்கணக்குல போற சாமானம், குடத்தடி தனியா நிக்கும்.

இதுக்கு நான் செய்யுறது என்னன்னா, கத ஒரு கட்டம் முடிஞ்சு பேச்சுக்கு போற எடம் வரும்லா, ஏறக்குறைய 10 நிமிசத்துக்கு ஒரு தடவ அங்க மறுபடியும் தாளத்த மூணு தட்டு தட்ட சொல்லுவேன். பொறவு குடம் டிராக்க அந்தந்த எடத்துல வெட்டி தட்டுக்கு நேரா நகத்தி வைப்பேன். யாரும் பாடாத, அடிக்காத எடத்துலதான் வெட்டணும், அப்ப ஒட்டு தெரியாது. பொறுமை வேணும், ஆனா கேக்கும்போது மனசு நெறஞ்சுரும்.

காசு கொஞ்சம் கூட போனாலும் பரவாயில்லன்னா ரெண்டு மைக் ஓட்டை உள்ள ஒரே யூஎஸ்பி இண்டர்பேஸ் வாங்கிருங்க. ரெண்டு மைக்குக்கும் ஒரே கடிகாரம், வழுக்குற பேச்சே இல்ல. தொடர்ந்து பாட்டு எடுக்குறவங்களுக்கு அதுதான் சரி. எப்பவாவது எடுக்குறவங்களுக்கு வீட்டுல கெடக்குற ரெண்டு கார்டே தாராளம்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல இருக்குறவங்க மைக் பின்ன அடிக்கடி பாருங்க, உப்புக்காத்துல பின்னு மங்கி கரகரன்னு சத்தம் வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால பஞ்சுல தொட்டு தொடச்சு, நல்லா காஞ்ச பொறவு மாட்டுங்க.