இணைப்பு விமானத்துக்கு நேரம் குறைவாக இருக்கும்போது சக்கர நாற்காலி உதவி பெறுவது எப்படி?

கெடாவின் பாடாங் செராயிலிருந்து தமிழ்நாட்டுக்குப் புறப்படும் பெரியவர்களில் பலர் பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாசில் விமானம் ஏறி, கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏவில் வேறு விமானத்துக்கு மாறுகிறார்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முழங்கால்களுடன் அந்த நீண்ட கூடங்களைக் கடப்பது கடினம் என்பதால், பிள்ளைகள் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டு, இனி நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் நாற்காலிப் பயணி விமானத்தில் முதலில் ஏற்றப்பட்டாலும், பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்கப்படுகிறார்; பணியாளர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே, நன்றாக நடக்கக்கூடியவருக்குப் போதுமான இடைவெளி இவருக்குப் போதாது. ஒன்றரை மணி நேர இடைவெளியும் மூன்று மணி நேர இடைவெளியும் இருக்குமானால், விலை சற்றுக் கூடினாலும் மூன்று மணி நேரத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியே டிக்கெட் எடுத்தால், பெட்டியை நடுவில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரிடும். முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. கேஎல்ஐஏவில் மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையத்தையும், ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தையும் பயன்படுத்துகின்றன. இவை இரண்டையும் கலந்து டிக்கெட் எடுப்பவர், நாற்காலி தள்ளும் பணியாளர் அடுத்த முனையம் வரை உடன் வருவார் என்று எண்ணிவிடக் கூடாது. முதலாம் முனையத்தில் விமானம் ஏறும் வாயில் துணைக் கட்டடத்தில் அமைந்தால், அங்கே கொண்டுசெல்லும் ஏரோட்ரெயின் என்ற ரயிலில் செல்லும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உதவியை விமான நிலையத்திடம் அன்று, விமான நிறுவனத்திடமே கேட்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்வது சிறப்பு. இல்லாவிட்டால் புறப்பாட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியவர்கள், இரண்டு விமானங்களுக்கும் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்பதைத் தாங்களே நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பதிவில் மூன்று குறியீடுகள் உண்டு: படியேறவும் கொஞ்சம் நடக்கவும் முடிந்தவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படியேற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., இருக்கை வரை தூக்கிச் செல்லப்பட வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. நம் தாத்தா பாட்டிகள் கூச்சத்தால் "கொஞ்சம் நடப்பேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு விமானத்தின் ஏணிப்படியைக் கண்டு திகைப்பதுண்டு. வீட்டுப் படிகளை அவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பிள்ளைகளே குறியீட்டைச் சொல்வது பாதுகாப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை வைத்திருப்பவருக்கு மட்டுமே இவ்வுதவி என்பது தவறான எண்ணம், மூட்டுவலிக்காரரும் கேட்கலாம்.

பினாங்கு முகப்பில் இரண்டு போர்டிங் பாஸ்களையும் கேட்டு வாங்கி, பெட்டியின் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த நாற்காலி கொண்டு செல்பவர், அது மாறும் இடத்திலேயே கைக்கு வருமா, கடைசி ஊரில்தான் வருமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த விமானத்தின் எண், புறப்படும் நேரம், பிள்ளையின் கைப்பேசி எண் ஆகியவற்றை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கடப்பிதழோடு வைத்துவிடலாம். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தரையிறங்குவதற்கு முன்பே அந்தத் தாளை விமானப் பணிப்பெண்ணிடம் காட்டி, இணைப்பு விமானத்துக்கு நேரம் குறைவு என்று சொன்னால், நாற்காலி தயாராக நிற்கிறதா என்று அவர் விசாரிக்க முடியும். பெரிய விமான நிலையங்களில் ஒரே பணியாளர் கடைசிவரை தள்ளிக்கொண்டு போவதில்லை. ஒருவர் ஓரிடத்தில் விட்டுச் செல்ல, மற்றொருவர் வந்து அழைத்துப் போகிறார். நேரம் பெரும்பாலும் வீணாவது இந்தக் கைமாறும் இடங்களில்தான். அதனால் ஆள் மாறும்போதெல்லாம் புறப்படும் நேரத்தை மீண்டும் சொல்ல வேண்டும். உட்கார வைத்த இடத்தில் பத்து நிமிடம் கடந்தும் எவரும் வராவிட்டால், அருகில் சீருடையில் இருப்பவரை அழைத்துப் போர்டிங் பாஸைக் காட்ட வேண்டும். தொந்தரவு தருகிறோமோ என்று பேசாமல் இருப்பவரைத்தான் வாயில் மூடியபின் தேடுவார்கள். கழிவறைக்குச் செல்ல வேண்டுமானால், வாயிலை அடைவதற்கு முன்பே பணியாளரிடம் சொல்லிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விமானம் தவறிவிட்டால், பணியாளரை விட்டுவிடாமல் அவருடனேயே நிறுவனத்தின் மாற்று விமான முகப்புக்குச் செல்ல வேண்டும். புதிய விமானத்தில் இடம் கிடைத்ததும், சக்கர நாற்காலிக் கோரிக்கை அதிலும் பதிவாகிவிட்டதா என்று கேட்ட பிறகே அங்கிருந்து நகர வேண்டும்.