இரண்டு இரும்புத் தகடுகளை ஒரே உத்திரமாக்குவது எப்படி?

இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல்களை அடுக்கி வளைத்துப் பாருங்கள். முனையில் ஒன்று மற்றதைவிட நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் வருவது அது. அந்த வழுக்கலை நிறுத்துவதுதான் இங்கே வேலை.

எவ்வளவு லாபம்? அடியில் 120×12 மி.மீ. தகடு, மேலே 100×12 மி.மீ. தகடு. தாங்கிகளுக்கு இடையே 1.2 மீட்டர். சீராகப் பரவிய பாரம் 8 கிலோநியூட்டன், அதாவது சுமார் 800 கிலோ. சும்மா அடுக்கி வைத்தால் நடுவில் 28 மி.மீ. தொய்யும், இணைத்தால் 7 மி.மீ. தான்.

மேல் தகடு 20 மி.மீ. குறுகலாக இருப்பது வேண்டுமென்றே. இருபுறமும் 10 மி.மீ. திட்டு கிடைத்தால்தான் மூலை வெல்டிங் (இரு தகடுகள் சேரும் மூலையை நிரப்பும் வெல்டிங்) உட்காரும். ஒரே அகலமென்றால் விளிம்பைச் சாய்வாக கிரைண்ட் செய்தாக வேண்டும்.

படி 1: சுத்தம். வெல்டிங் வரும் இடத்தில் துரு, பெயின்ட், எண்ணெய், கருஞ்செதில் (புதுத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கருப்புப் படலம்) எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுங்கள். விட்டால் வெல்டில் துளை விழும்.

படி 2: இறுக்கம். நடுவில் தொடங்கி முனை நோக்கி கிளாம்ப் போடுங்கள். 1.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் தகட்டை நேராக்குங்கள். முடியாவிட்டால் வெல்டின் அளவை அந்த இடைவெளி அளவுக்குக் கூட்டுங்கள். பிறகு 25 மி.மீ. நீளத்தில் டேக் (தகடு நகராமல் பிடிக்கும் தற்காலிகச் சிறு வெல்ட்) வையுங்கள்.

படி 3: எவ்வளவு வெல்டிங்? புதியவர்கள் தவறுவது இங்கேதான். தொய்வது நடுவில் என்பதால் அங்கே குவித்துப் போட்டுவிட்டு, முனையில் இரண்டு பொட்டோடு நிறுத்துவார்கள். ஆனால் பரவிய பாரத்தில் வழுக்கு விசை தாங்கியருகே அதிகம், நடுவில் பூஜ்யம்.

கணக்கு இது: தாங்கியில் வெட்டு விசை (உத்திரத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) மொத்த பாரத்தில் பாதி, 4,000 நியூட்டன். அதை மேல் தகட்டின் பரப்பாலும் (1,200), அதன் மையத்துக்கும் இரு தகடுகளும் சேர்ந்த கூட்டு மையத்துக்கும் உள்ள தூரத்தாலும் (6.55) பெருக்கி, கூட்டு நிலைமத் திருப்பத்தால் (வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு, சுமார் 1,26,000 மி.மீ.⁴) வகுத்தால், ஒரு மி.மீ. நீளத்துக்கு 250 நியூட்டன். பக்கத்துக்கு 125. 6 மி.மீ. வெல்டின் கழுத்து, அதாவது அதன் மிக மெல்லிய குறுக்களவு, 4.2 மி.மீ.; சதுர மி.மீ.க்கு 100 நியூட்டன் என்று அடக்கமாக வைத்தால் 50 மி.மீ. துண்டு 21,000 நியூட்டன் தாங்கும். 21,000 ÷ 125 = 168, அதாவது 168 மி.மீ.க்கு ஒரு துண்டு இருந்தால் தாங்கும். ஆக, 150 மி.மீ.க்கு ஒன்று என 50 மி.மீ. துண்டுகள் இருபுறமும் போதும். இரு முனைகளிலும் 100 மி.மீ. நீளத்துக்கு இடைவிடாமல் போடுங்கள்.

நடுவில் இன்னும் குறைக்கலாம் என்று கணக்கு சொல்லும். கேட்காதீர்கள். துண்டுகளுக்கிடையே வெற்றிடம் தடிமனின் 12 மடங்கை, இங்கே 144 மி.மீ.யை, தாண்டினால் அமுக்கத்தில் இருக்கும் மேல் தகடு உப்பிவிடும்.

படி 4: வரிசை. 3.15 மி.மீ. இ-7018 வெல்டிங் ராடு, நன்றாக உலர்ந்தது, டி.சி. மின்சாரத்தில் ராடு பாசிட்டிவ் முனையில், 110 முதல் 130 ஆம்பியர். இடம் ஒரு துண்டு, வலம் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இந்த உத்திரத்தில் வெல்டின் கோடு நடு அச்சுக்கு ஒட்டியே ஓடுவதால் மேல்கீழ் வளைவு அதிகம் வராது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பக்கவாட்டில் வில்லாகும். ஒவ்வொரு துண்டின் கடைசிக் குழியையும் நிரப்பிவிட்டு ராடை எடுங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

வெயில் மழையில் நிற்கும் உத்திரத்துக்குத் துண்டு வெல்டிங் ஆகாது. இடுக்கில் நீர் புகுந்து, துரு பெருத்துத் தகடுகளையே பிளக்கும். சுற்றிலும் முழுதாக மூடுங்கள். அதே உத்திரத்தை உருக்கிய துத்தநாகத்தில் முக்கப் போகிறீர்களென்றால் காற்றுத்துளை கட்டாயம். உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகி வெடிக்கும்.

வெல்டிங் வசதி இல்லையா? சாதாரண போல்ட் உதவாது. எம்16 போல்டுக்கு 18 மி.மீ. துளை, அந்த 2 மி.மீ. தளர்வில் தகடு முதலில் வழுக்கியே தீரும். 8.8 அல்லது 10.9 வலிமைத் தர உராய்வுப் பிடிப்பு போல்ட்களை (தகடுகளை அழுத்தி, உராய்வாலேயே வழுக்காமல் பிடிப்பவை), முழு இழுவிசை வரும்வரை முடுக்குங்கள். தகடுகள் தொடும் பரப்பில் பெயின்டோ எண்ணெயோ இருக்கக்கூடாது.