ஊருக்கே தெரிந்த ரகசியம்: கடலோரக் குடும்பக் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டி இறந்துபோகிறாள், தகரப்பெட்டி திறக்கப்படுகிறது, உள்ளேயிருந்து ஒரு பழைய புகைப்படம் விழுகிறது, பேத்தி அதிர்ந்து நிற்கிறாள். மீனவக் கிராமத்தை வைத்துப் பெண்களின் கதை எழுத உட்காருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தொடங்குகிறார்கள். பெட்டி பழையதாகிவிட்டது என்பதைக்கூட மன்னிக்கலாம். அந்த ரகசியம் ஊரில் ஒருவருக்குமே தெரியாது என்று எழுதுவதுதான் பெரிய தவறு.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். படகு கரையேறுவதும் மீன் ஏலம் போவதும் எல்லார் கண்முன்னாலும்தான். யார் வீட்டில் யார் எத்தனை மாதம் இல்லை, யார் யாரிடம் எவ்வளவு கடன் என்று தெரியாத கிழவி அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் என்பது எல்லாருக்கும் தெரிந்து, ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லப்படாத விஷயம். கதையின் கேள்வி ‘என்ன நடந்தது?’ அல்ல, ‘இத்தனை பேர் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்?’ என்பது.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், எப்போதிலிருந்து தெரியும், எவ்வளவு தெரியும், யார் சொல்லித் தெரியும், சொன்னால் எதை இழப்பார். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிற பாத்திரம், உங்கள் கதை உண்மையாக இருந்தால், முதல் அத்தியாயத்திலேயே உளறியிருக்கும். அந்த ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இழக்க ஏதாவது கொடுங்கள். பெரும்பாலும் அது கடனாகத்தான் இருக்கும்: படகுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி, ஏலத்தைக் கையில் வைத்திருப்பவர், மகள் கல்யாணத்துக்கு நகையைக் கொடுத்துதவிய மைத்துனி.

வாயை மூடவைப்பது யார் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தார் வாழும் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செல்வாக்கு அதிகம், அபராதமும் போடும். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கத்தோலிக்க ஊர்களில் பங்குக் கோயிலை, அதாவது ஊர்த் தேவாலயத்தைச் சுற்றித்தான் எல்லாம். பெயர் சொல்லாத ஒரு ‘மீனவக் குப்பம்’ வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்தால் பேச்சும் கலந்துவிடும். குமரிக் கடற்கரைப் பேச்சும் நாகைப் பேச்சும் ஒரே வீட்டுக்குள் கேட்பது, அங்கிருந்து வரும் வாசகரை மூன்றாம் பக்கத்திலேயே வெளியே அனுப்பிவிடும்.

அடுத்தது, கரையில் நின்று கடலைப் பார்த்து ஏங்கும் பெண். நிஜத்தில் அவளுக்கு ஏங்க நேரமில்லை. விடியுமுன் ஏலத்துக்குப் போக வேண்டும், கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க வேண்டும், கருவாட்டைத் திருப்பிப் போட வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கத்தில் என்றால் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறாள். பல வீடுகளில் மீன் கரைக்கு வந்தபின் விற்பதும் வரவு செலவும் பெண் கையில்தான். ரகசியத்தைக் காக்கும் அதிகாரமும் அங்கிருந்தே வருகிறது. மாமியார் ஏன் பேசவில்லை என்பதற்கு விடை அவள் மனத்தில் மட்டும் இல்லை, அவள் முடிச்சிட்டு வைத்திருக்கும் பணத்திலும் இருக்கலாம்.

கடலை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிடும் தவறு சின்னச் சின்ன இடங்களில் அம்பலமாகும். நாகப்பட்டினத்தில் சூரியன் கடலுக்குள் மறையாது, அங்கே கடலிலிருந்து எழும். கடலில் சூரியன் மறைய வேண்டுமென்றால் குமரியின் மேற்குக் கரைக்குக் கதையை நகர்த்துங்கள். ‘நாற்பது நாள் கடலில் இருந்தான்’ என்று எழுதுமுன் என்ன படகு என்று பாருங்கள். ஃபைபர் வள்ளம் பொதுவாக அன்றே திரும்பிவிடும். வாரக்கணக்கில் தங்குவது குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் போன்றவர்கள். கணவன் இல்லாத நாட்களை நம்பித்தான் உங்கள் முடிச்சு நிற்கிறதென்றால் இது சின்ன விஷயமல்ல.

மீன்பிடித் தடைக்காலத்தை மறப்பவர்களும் உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, குமரியின் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2017க்கு முன் 45 நாள்தான். 2001இல் தான் இது தொடங்கியது, ஆகவே 1995இல் நடக்கும் அத்தியாயத்தில் தடைக்காலம் வரக்கூடாது. இவ்வளவு நல்ல கருவியை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது புரியவில்லை. விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் இல்லை, ஆண்கள் இரண்டு மாதம் வீட்டிலேயே, கடன்காரர் வாசலில். பூட்டி வைத்த பேச்சு வெடிக்க இதைவிடப் பொருத்தமான காலம் எது?

சுனாமியை அழிப்பானாகப் பயன்படுத்தாதீர்கள். வேண்டாத பாத்திரத்தையெல்லாம் 2004 டிசம்பர் 26இல் கடலுக்கு அனுப்பிக் கொன்றுவிடுகிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அலை வந்தது காலையில். கரையிலிருந்து வெகுதூரம் ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அலை கடந்துபோனதே பெரிதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் கரையில் இருந்தவர்கள்தான் மாண்டார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். கடலுக்குப் போன கணவன் உயிரோடு திரும்பி, வீட்டையே காணாமல் நிற்பதுதான் அன்றைய நிஜம்.

கணவன் காணாமல் போவது இவ்வகைக் கதைகளின் அச்சாணி. உடல் கிடைக்கவில்லை என்றால் மறுமாதமே அவள் விதவை ஆகிவிடுவதில்லை. ஏழு ஆண்டுகள் அவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஒரு தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 108, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு 111. எந்தத் தேதியில் இறந்தார் என்பதைச் சட்டம் அனுமானிப்பதில்லை, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை, அதில்லாமல் அவர் பெயரிலிருக்கும் படகை விற்க முடியாது. சுனாமி போன்ற பேரிடரில் அரசு தனி ஆணையால் நடைமுறையைச் சுருக்கியது உண்டு, சாதாரணக் காற்றில் தனியாகக் காணாமல் போனவருக்கு அது பொதுவாகக் கிடைக்காது. மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று ஏழு வருடம் ஓட்டும் பெண்ணை அரைப் பக்கத்தில் தாண்டிப் போவது நல்ல நாவலைக் குப்பையில் போடுவது.

காகிதங்களிலும் கவனம் தேவை. கரையோர வீடுகள் பல புறம்போக்கில் நிற்பவை, பட்டா கிடையாது. ரகசிய உயிலால் சொத்து கைமாறும் திருப்பம் அங்கே செல்லாது. ஆனால் சுனாமிக்குப் பின் தமிழக அரசு கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு மனைவி, கணவன் இருவர் பெயரும் சேர்த்து ஒதுக்கீடு நடந்தது. மனைவி என்று கையெழுத்திட்டவள் யார்? இரண்டு குடும்பம் வைத்திருந்தவன் அந்த மேசையில்தான் மாட்டுவான். கத்தோலிக்க ஊரில் திருமணத்துக்குமுன் பூசையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பார்கள், தடை சொல்ல ஊருக்கே அழைப்பு அது. எனவே ‘ரகசியத் திருமணம்’ பங்குக்குள் நடக்காது, வெளியூருக்குப் போயிருக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். அது பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்றால், பெட்டியில் கிடைத்த புகைப்படத்தைவிட வலுவான ஆதாரம்.

இரத்த வகையை வைத்துத் தகப்பனை ‘நிரூபிக்கும்’ காட்சி இன்னும் ஓயவில்லை. இரத்த வகை ஒருவரை விலக்கத்தான் உதவும், இவர்தான் தகப்பன் என்று நிறுவாது. பெற்றோர் இருவரும் ஓ வகை என்றால் குழந்தை ஏ ஆக முடியாது. ஒருவர் ஏபி என்றால் குழந்தை ஓ ஆக முடியாது. ஆனால் ஏ வகைத் தாய்க்கும் பி வகைத் தகப்பனுக்கும் ஓ குழந்தை தாராளமாகப் பிறக்கும். இதைத் தெரியாமல் எழுதி அப்பாவி அம்மாக்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிய கதைகள் உண்டு. சாதாரணச் சோதனையில் ஓ போலவே தெரியும் பம்பாய் வகை என்ற அரிய விதிவிலக்கும் இருக்கிறது, 1952இல் முதலில் விவரிக்கப்பட்டது. அதைக் கடைசி அத்தியாயத்தில் மட்டும் இழுத்து வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

வயதுக் கணக்கும் அப்படியே. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலில் இருபது வயதுப் பெண் 2024இல் எண்பது. அவள் வெயிலில் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வாசகர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்.

கடைசியாக, ரகசியத்தை இறுதிப் பக்கம்வரை பதுக்காதீர்கள். 250 பக்க நாவலில் 90ஆம் பக்கத்துக்குள் வாசகர் எப்படியும் ஊகித்துவிடுவார். அங்கேயே சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏலத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்து யார் பேசினார்கள், யார் மீன் தர மறுத்தார்கள் என்று மிச்சப் பக்கங்களை எழுதுங்கள்.