பிபி குறைய முதலில் உப்பு டப்பாவைப் பாருங்கள்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 600 கிராம்தான் கணக்கு; ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் காலியானால், அளவு மீறுகிறது.

சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பை நிறுத்துங்கள். சாம்பாரில் வழக்கத்தில் முக்கால் பங்கு போடுங்கள். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி அந்தக் குறையைச் சரிக்கட்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதை நம்பி அள்ளிப் போடாதீர்கள். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இளநீருக்கும் அதே எச்சரிக்கை.

வாரம் ஐந்து நாள், 30 நிமிடம் வேக நடை. சென்னை வெயிலுக்கு காலை ஏழுக்குள் மெரினாவோ மொட்டை மாடியோ போதும்.

பிபி பார்க்குமுன் அரை மணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். எண் இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.