பூட்டு நட்டின் சாவி தொலைந்தால் செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு டயர் பஞ்சர் ஆவது புதிதல்ல. தோட்டத்துச் செம்மண் பாதையில் வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் ஒன்று ஏறினால் போதும், காரை ஓரம் கட்ட வேண்டியதுதான். ஸ்போர்ட் ரிம் எனப்படும் அலுமினியச் சக்கரம் போட்ட கார்களில் அந்த நேரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ரிம் திருடு போகாமலிருக்கச் சக்கரத்திற்கு ஒன்றாகப் பொருத்தப்பட்ட பூட்டு நட்டைக் கழற்ற, அதன் முகப்பிலுள்ள வளைந்த பள்ளங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய எஃகுச் சாவி வேண்டும். அதைத் தேடும்போதுதான் அது காரில் இல்லை என்பதே பலருக்குத் தெரியவருகிறது. நட்டைக் கழற்ற எத்தனையோ வழிகள் உண்டு. ஆனால், தவறான ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சியைக் கடினமாக்கிவிடுகிறது என்பதால், கையில் சுத்தியலை எடுக்குமுன் சற்று நிதானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் தவறு, சாவி தொலைந்துவிட்டதென்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது. ஸ்பேர் டயருக்கு அடியில், ஜேக் வைத்திருக்கும் பையில், முன்னிருக்கைக்கு எதிரிலுள்ள சிறு பெட்டியில், கதவுப் பையில், இருக்கைக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் கைவிட்டுத் தேட வேண்டும். அங்கெல்லாம் இல்லையென்றால், கடைசியாக டயர் மாற்றிய கடைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். வேலை முடிந்ததும் சாவியை, காற்றழுத்தத்தால் நட்டைத் திருகும் ஏர் கன்னின் சாக்கெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியது. என் காரின் சாவியும் அப்படித்தான் மூன்று மாதம் ஒரு கடையின் கருவித் தட்டில் கிடந்தது. நானோ அதை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். பூட்டு நட்டு வாங்கியபோது கிடைத்த சிறு அட்டையில் குறியீட்டு எண் இருந்தால், அதைக் காட்டித் தயாரிப்பாளரிடமிருந்தே மாற்றுச் சாவி வரவழைக்க முடியும்.

சக்கரத்தைக் கழற்றினால்தான் பஞ்சர் ஒட்ட முடியும் என்று நினைத்துக்கொள்வதும் தவறே. டயர் தரையில் படும் பகுதியில் முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால், ஸ்டீயரிங்கை ஒடித்து ஓட்டையை வெளியே கொண்டுவந்து, சக்கரம் காரிலேயே இருக்கும்போது ரப்பர்த் திரி செருகி அடைத்துவிடலாம். பின்சக்கரமாக இருந்தால் காரைச் சற்றே உருட்டினால் போதும். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. எப்படியாவது காற்று நின்றுவிட்டால், இருட்டிய பாதையில் நட்டோடு போராடாமல், மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் நிதானமாக வேலையைத் தொடங்கலாம்.

அங்கே போனதும் செய்யப்படும் அடுத்த தவறு, வேறொரு காரின் சாவியை வைத்து ஏர் கன்னால் முடுக்கிப் பார்ப்பது. பள்ளம் ஏறத்தாழப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால், ஏர் கன் சில நொடிகளில் நட்டின் முகப்பை மழுக்கிவிடும். பிறகு உண்மையான சாவியே கிடைத்தாலும் பயனில்லை. சரியான சாவியாக இருந்தாலும் அதற்கு ஏர் கன் ஆகாது, ஏனெனில் அந்தச் சாவி கையால் திருப்பும் விசைக்காகச் செய்யப்பட்டது. இடைவிடாத அதிர்ச்சியில் அது விரிசல் விட்டுவிடும்.

சாதாரண சாக்கெட் ஒன்றை நட்டின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்புவது நம் ஊரில் பரவலாக உள்ள வழக்கம். சில நேரம் இது பலிக்கிறது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், பல பூட்டு நட்டுகளின் வெளிப்புறம் தனியாகச் சுழலும் வளையமாகவே செய்யப்பட்டிருப்பதால், அதைப் பற்றிய சாக்கெட் வளையத்தோடு சேர்ந்து வெறுமனே சுற்றும். பலத்த அடிகள் ரிம்மின் குழிக்குள் வடு உண்டாக்குவதோடு, சக்கரம் பொருந்தியிருக்கும் ஹப் வழியே சென்று, பேரிங்கில் குண்டுகள் உருளும் வழித்தடத்திலும் தடம் பதிக்கக்கூடும். சில வாரங்கள் கழித்துக் கேட்கத் தொடங்கும் இரைச்சலுக்கு அந்த அடிகள்தாம் காரணமென்று அப்போது யாருக்கும் தோன்றாது. இந்த வேலைக்கென்றே, உட்புறம் சுருளாக வெட்டிய பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டுகள் விற்கப்படுகின்றன. நட்டின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய அளவைத் தேர்ந்து, ஓரிரு தட்டில் உட்கார வைத்து, நீண்ட கைப்பிடியால் மெதுவாக, விட்டுவிட்டு இழுக்காமல், இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பப் பற்கள் இன்னும் இறுகப் பற்றும்.

அப்போது கார் தரையில் நிற்க வேண்டும், கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும், மற்ற நட்டுகள் இறுக்கமாகவே இருக்க வேண்டும். மற்றவற்றையெல்லாம் முதலில் கழற்றி, பூட்டு நட்டைக் கடைசிக்கு வைத்தால், ரிம்மின் சாய்வு முழுவதும் அந்த ஒன்றின் மேலேயே விழுந்து, அது இன்னும் இறுகிப் போகும். மற்றவற்றைத் தளர்த்திவிட்டுக் காரைச் சிறிது தூரம் ஓட்டினால் பிடி விட்டுவிடும் என்று சிலர் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். சக்கரம் கழன்று ஓடுவதற்கு அது நேர்வழி.

இவற்றிலெல்லாம் ஆபத்தானது, நெருப்பையோ வெல்டிங்கையோ நாடுவது. அலுமினிய ரிம்மின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்தது. சில நூறு டிகிரி சூட்டிலேயே அது குறைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதைவிடக் கொடியது டயருக்குள் நடப்பது. சூடேறிய ரப்பர் உள்ளே சிதைந்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். காற்றை இறக்கிவிட்டாலும், நெருப்பை அணைத்துச் சற்று நேரம் கழிந்தாலும், டயர் வெடித்து ஆளைக் கொல்லக்கூடும். ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்காமல் அங்கே வெப்பம் காட்டக்கூடாது என்பதே விதி; சக்கரத்தைக் கழற்ற முடியாதபோது டயரைப் பிரிப்பதும் இயலாதென்பதால், அந்த வழியையே முற்றாகக் கைவிட வேண்டும். துளையிடுவது கடைசிப் புகலிடம். பூட்டு நட்டின் எஃகு கடினமானது, துரப்பணம் வழுக்கும், துகள் கண்ணில் தெறிக்கும். பழகிய போமன் (மெக்கானிக்) கையில், கண்ணாடி அணிந்து மட்டுமே செய்யத்தக்கது.

நட்டு கழன்றதும் கவனம் தளர்வது இயல்பு. மைவி, சாகா போன்ற மலேசியக் கார்களில் ஹப்பிலிருந்து நீளும் ஸ்டட் என்னும் மரையுள்ள தண்டின் மேல் நட்டு ஏறுகிறது. மரை சிதைந்திருந்தால் ஸ்டட்டை மட்டும் மாற்றிவிடலாம். பல ஐரோப்பியக் கார்களில் போல்ட் நேராக ஹப்புக்குள் இறங்குவதால், அங்கே மரை கெட்டால் செலவு அதிகம். புதிய நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதை ரிம்மில் நட்டு உட்காரும் இடத்தின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். மரை பொருந்தினாலும் அடிவடிவம் பொருந்தாத நட்டு ஓட்டத்தில் தளரும். சிறிய கார்களுக்கு இறுக்கும் விசை பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், சரியான எண் கார்க் கையேட்டில் உண்டு. ஏர் கன்னால் அழுத்தாமல் விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களிலும் அதே பூட்டு நட்டு இருக்கும் அல்லவா? அவற்றையும் அன்றைக்கே கழற்றிச் சாதாரண நட்டாக மாற்றிவிடுங்கள்.