டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லையென்று நின்ற பில்டு

ராயபுரத்தில் ஒரு மீன் மொத்தக் கடையின் பில்லிங் சர்வர். உபுண்டு 24.04-க்கு மாற்றியதும், நோட்.ஜேஎஸ்ஸுக்கான டேட்டாபேஸ் பேக்கேஜான எஸ்க்யூலைட்3 (sqlite3) நிறுவலில் நின்றது: ரெடிமேட் பைனரி இறங்கவில்லை, கம்பைல் செய்யப் போய் விழுந்தது. கடைசி வரிகளைப் படித்துப் பயனில்லை. மேலே ஏறி முதல் பிழையைப் பாருங்கள். 'டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் இல்லை' என்றிருந்தது. அது பைத்தானோடு சேர்ந்தே வந்த பழைய பில்டு மாட்யூல் (distutils); உபுண்டு 24.04-இல் இருக்கும் பைத்தான் 3.12-இல் அதை நீக்கிவிட்டார்கள். நோட் பேக்கேஜ்களைக் கம்பைல் செய்யும் கருவியான நோட்-ஜிப்பின் (node-gyp) பழைய பதிப்பு இன்னும் அதைத்தான் தேடுகிறது. பைத்தானின் நிறுவியான பிப் வழியே போனால் உபுண்டு மறிக்கும். உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட்டில், டிஸ்ட்யூட்டில்ஸைத் தன்னோடு கொண்டுவரும் பைத்தான்3-செட்டப்டூல்ஸ் போட்டேன். கம்பைலரே இல்லாத மெஷின் என்பதால் பில்ட்-எசென்ஷியலும் சேர்த்து. நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்து மறுபடி நிறுவ, ஓடியது.

நோட் 18-லிருந்து 20-க்கு ஏறும்போது '108, 115 பொருந்தவில்லை' என்று (அவை நோட் 18, 20-இன் மாட்யூல் பதிப்பு எண்கள்) வந்தால் அது வேறு கதை; என்பிஎம் ரீபில்ட் போதும்.