செத்த செல்லா, கெட்ட செல்லா? கால்நடைப் பிரேதப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்மறி ஆட்டின் வயிற்றைத் திறக்கிறோம். சிறுநீரகம் பிசைந்த களிமண்ணாகக் குழைந்து கிடக்கிறது. கை தானாகவே அறிக்கையில் ‘துள்ளுமாரி’ (ஆடுகளைத் திடீரெனக் கொல்லும் குடல் நச்சு நோய்) என்று எழுதிவிடுகிறது. மாணவர்களும் களத்துக்குப் புதிதாக வந்த மருத்துவர்களும் அதிகம் செய்யும் தவறு இது.

துள்ளுமாரியில் சிறுநீரகம் சீக்கிரம் குழைவது உண்மைதான். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் டி வகைக் கிருமியின் எப்சிலான் நச்சுதான் அந்த நோய்க்குக் காரணம். ஆனால் வெயிலில் ஏழெட்டு மணி நேரம் கிடந்த எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துதான் போகும். வெள்ளாட்டில் இந்த அடையாளத்தை நம்பவே முடியாது. நோயை உறுதி செய்வது குடல் நீரில் இருக்கும் நச்சும், மூளையில் தெரியும் மாற்றமும். அந்த நச்சு மூளையின் ரத்தக்குழாய்களைத் தாக்குவதால் அவற்றைச் சுற்றிப் புரதம் கலந்த நீர் கோத்துக்கொள்ளும். அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். சிறுநீரகத்தைப் பார்த்த திருப்தியில் மண்டையைத் திறக்காமல் விட்டால் நல்ல சாட்சி மண்ணோடு போய்விடும்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. உயிருள்ள உடலுக்குள் செல் சாவது வேறு, உடல் செத்த பிறகு செல் கெடுவது வேறு. முன்னது நெக்ரோசிஸ், அதாவது திசு மரணம். பின்னது ஆட்டோலைசிஸ், தற்சிதைவு. இரண்டிலும் செல்லின் சொந்த நொதிகளே செல்லைக் கரைக்கின்றன, அதனால்தான் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. உட்கரு சுருங்குவது, மங்கி மறைவது போன்ற பாடப்புத்தக அடையாளங்கள் தற்சிதைவிலும் வரும். அவற்றை மட்டும் வைத்து ‘நெக்ரோசிஸ்’ என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உடல் பதில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். உயிருள்ள உடலில் ஒரு பகுதி செத்தால் சுற்றியுள்ள திசு சும்மா இருக்காது. ரத்தம் பெருகிச் சிவந்த வரம்பு கட்டும், வெள்ளணுக்கள் வந்து சேரும். ரத்தம் போகாமல் செத்த சிறுநீரகப் பகுதி ஆப்பு வடிவில் வெளிறி, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டதுபோல நிற்பது அதனால்தான். தற்சிதைவில் இப்படி வரம்பு கட்டாது, உறுப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கிக் கிடக்கும். ஸ்லைடில் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்களையும் பாருங்கள். அவையும் வெளிறி உருவழிந்திருந்தால் கெட்டது உடல் செத்த பிறகுதான் என்று சந்தேகிக்க வேண்டும். குச்சி வடிவக் கிருமிகள் கூட்டங்கூட்டமாக இருந்தும் பக்கத்தில் ஒரு வெள்ளணுகூட இல்லை என்றாலும் அதே கதைதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: செல் செத்த சில நிமிடங்களிலேயே விலங்கும் செத்திருந்தால் பதில் சொல்ல உடலுக்கு நேரமே இருந்திருக்காது.

ஆடு மாடுகளில் இந்தத் தொல்லை அதிகம். உயிர் போன பிறகும் பெருவயிற்றில் தீவனம் புளித்துக்கொண்டே இருப்பதால் உள்சூடு தணிவதில்லை. பெருவயிற்றின் உட்படலம் சில மணி நேரத்தில் தாள் தாளாக உரிந்து வரும். அதை ‘பெருவயிற்று அழற்சி’ என்று எழுதுவது தவறு. அடியில் சிவப்போ ரத்தக்கசிவோ இல்லையென்றால் அது இயல்பான சவ மாற்றம். பித்தப்பையை ஒட்டிய கல்லீரலும் குடலும் பச்சை மஞ்சளாகச் சாயமேறுவதும் அப்படித்தான். குடலை ஒட்டிய உறுப்புகளில் தெரியும் கரும்பச்சை நிறத்தையும் அழுகல் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். குடல் கிருமிகள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ரத்தத்தின் இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. வாயு நிறைந்த குடல் அழுத்திய இடத்தில் கல்லீரல் வெளிறித் திட்டாகத் தெரியும். கத்தியால் கீறிப் பாருங்கள், வெளிறல் மேலோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் அது அழுத்தத்தின் தடம்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று நினைப்பது. நாய்களின் இதய ரத்தக்குழாயை அடைத்துச் செய்த பழைய சோதனைகளில், சுமார் 20 நிமிடத்துக்குள் ரத்தம் திரும்பினால் தசைச் செல் பிழைத்துக்கொண்டது. அதைத் தாண்டினால் மீள முடியாத நிலை தொடங்கியது. ஆனால் அந்த மரணம் சாதாரண நுண்ணோக்கியில் தெரிய நாலைந்து மணி நேரமாவது ஆகும். வெறும் கண்ணுக்குத் தெரிய இன்னும் அதிகம். செத்தது எப்போது என்பதும் நமக்குத் தெரிவது எப்போது என்பதும் இவ்வளவு தள்ளி நிற்கின்றன. அரளி தின்று சட்டென விழுந்த மாட்டின் இதயம் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். கோமாரியில் திடீரென இறக்கும் கன்றும் அப்படித்தான். புலி வரி போல வெளிறிய கோடுகள் தெரிந்தால் நல்லது, ஆனால் கோடு விழும் முன்பே கன்று போயிருக்கலாம். ஆகவே இதயத்தில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினாலும் நாலைந்து இடங்களிலிருந்து துண்டு எடுத்தே ஆக வேண்டும். கன்றை இழந்தவருக்கு மந்தையின் மற்றக் கன்றுகளையாவது காப்பாற்ற வழி கிடைப்பது அந்தத் துண்டிலிருந்துதான்.

அப்புறம் கல்லீரல். ஸ்லைடில் செல்லுக்குள் வெள்ளை ஓட்டை தெரிந்தால் ‘கொழுப்பு’ என்று சொல்லிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வழக்கமான மெழுகுப் பதப்படுத்தலில் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. நாம் பார்ப்பது காலி இடத்தைத்தான். அங்கே கொழுப்பு இருந்ததா, கிளைக்கோஜன் (செல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இருந்ததா, தண்ணீர் புகுந்து வீங்கியதா என்பதை ஓரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கொழுப்புத் துளி வட்டமாக, கூர்மையான விளிம்போடு நிற்கும், பெரிதானால் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளும். கிளைக்கோஜன் இருந்த இடம் ஓரம் கலைந்து பஞ்சுபோல இருக்கும், உட்கரு பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்த நாயின் கல்லீரலில் பார்ப்பது இதைத்தான். அதைக் கொழுப்புக் கல்லீரல் என்று எழுதினால் உண்மையான காரணம் யாருக்கும் தோன்றாது. உறுதி வேண்டுமென்றால் மெழுகில் வைக்காமல் உறைய வைத்து வெட்டிய துண்டில் கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் போட வேண்டும். கொழுப்புதான் என்று தெரிந்தாலும் உடனே நோய் என்று சொல்லிவிட முடியாது. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சின் கல்லீரல் மஞ்சளாக இருப்பது மஞ்சள் கருவின் கொழுப்பால்தான்.

செல் சாவதில் இன்னொரு வகையும் உண்டு, செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ். அந்தச் சொல்லை 1972இல் கெர், வைலி, கர்ரி மூவரும் அறிமுகப்படுத்தினார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒற்றைச் செல் சுருங்கி, சவ்வு கிழியாமல் துண்டாகி, பக்கத்துச் செல்லால் விழுங்கப்படும். பொதுவாக அழற்சி வராது. சுருங்கிச் சிவந்த செல்லையெல்லாம் இந்தப் பெயரால் அழைக்கும் தவறு இப்போது வழக்கமாகி வருகிறது. மூளையில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் பதப்படும் முன் மூளையை அழுத்தினாலோ பிசைந்தாலோ நரம்புச் செல்கள் கருத்துச் சுருங்கும். அது நம் விரல் செய்த வேலை, நோய் செய்ததல்ல.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள் பல பேருக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் பார்சலைத் திறக்கும்போது மனசு வலிக்கிறது. உடலை ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும், சாதாரணக் குளிர்பெட்டி போதும். துண்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள், செல் நீர் குடித்து வெடிக்கும். முழுச் சிறுநீரகத்தைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் திணித்து அனுப்புகிறார்கள், வெளியே பதமாகி உள்ளே அழுகிப்போகும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தடிமன், துண்டைப்போலப் பத்து மடங்கு 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், அகன்ற வாய்ப் பாத்திரம், இவ்வளவு போதும். செத்த பகுதியின் நடுவிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். நல்ல திசுவும் கெட்ட திசுவும் சந்திக்கும் ஓரத்தில்தான் விடை இருக்கிறது. குடலும் கணையமும் முதலில் கெடும், அவற்றை முதலில் எடுங்கள். தோல் காத்திருக்கும்.

திடீர்ச் சாவு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் என்றால் அடைப்பானை (ஆந்த்ராக்ஸ்) சந்தேகித்து உடலைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதையுருவாகி (ஸ்போர்) மண்ணில் பல்லாண்டு கிடக்கும். காதின் ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாகப் பூசி (ஸ்மியர்) அனுப்புங்கள்.

மாதிரியோடு வரும் படிவத்தில் பெரும்பாலும் காலியாக இருப்பது ‘இறந்த நேரம்’ என்ற கட்டம். சரியான நேரம் தெரியாவிட்டால் பரவாயில்லை. ராத்திரி 10 மணிக்குத் தீவனம் தின்றது, காலை 6 மணிக்குச் செத்துக் கிடந்தது, 11 மணிக்குத் திறந்தோம், வெயிலில் கிடந்தது என்று எழுதுங்கள். ஸ்லைடைப் பார்ப்பவர் எத்தனை மணி நேரச் சிதைவைக் கழிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் கணக்கிடுவார்.